வெள்வேலங்காயும் பழனிக் குதிரையும்

போன சித்திரையில் மூலனூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் சொந்த ஊருக்குப் போயிருந்தேன். நல்ல வெயில். தம்பி மகன் என்னைக் கொறங்காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். எட்டு ஏக்கர் காடு. சுற்றிலும் முள்கிளுவை வேலி, வாசலில் பழைய படல். உள்ளே பார்த்தால் புல் என்று சொல்ல ஒன்றும் இல்லை, தரையெல்லாம் வெளுத்துக் கிடந்தது. வெள்வேல மரங்கள் மட்டும் அங்கங்கே குடை பிடித்தமாதிரி நின்றன.

"பெரியப்பா, சோலார் கம்பெனிக்காரங்க குத்தகைக்குக் கேக்கறாங்க. மரத்தையெல்லாம் எடுத்துக் கொடுக்கோணுமாம். இந்த முள்ளு மரத்துல அப்படி என்னதானுங்க இருக்குது? சும்மாதானே நிக்குது?" என்று கேட்டான்.

கால்நடைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவன் நான். கேள்வி என் துறையைச் சேர்ந்தது. ஆனாலும் அந்த இடத்தில் நின்றுகொண்டு சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. ஏனென்றால் ஒரு காலத்தில் நானே அவனைப் போலத்தான் பேசிக்கொண்டிருந்தேன். வெள்வேலை வெட்டிவிட்டு வேறு மரம் வையுங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னவன் நான். அந்தக் கதையையும் சேர்த்து எழுதினால்தான் அவனுக்கு நேர்மையான பதில் சொன்னதாக ஆகும். இது அந்தப் பதில்.

கொறங்காடு என்பது

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், கரூர்ப் பக்கத்துக்காரர்களுக்குக் கொறங்காட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது புறம்போக்கு மேய்ச்சல் நிலம் அல்ல. ஒவ்வொரு குடியானவனும் தன் சொந்தப் பட்டா நிலத்தில் ஒரு பகுதியை உழாமல், மேய்ச்சலுக்கென்றே வேலி கட்டி வைத்திருப்பது. ஆள் வைத்து மேய்க்க வேண்டாம். காலையில் படலைத் திறந்து மாட்டை விட்டால் சாயங்காலம் ஓட்டிவந்தால் போதும். ஒரு காட்டில் புல் தீர்ந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள்.

அதில் மூன்று உயிர்கள் சேர்ந்து வாழ்கின்றன. கீழே கொழுக்கட்டைப் புல். ஓரத்தில் கிளுவை. மேலே வெள்வேல். வருஷத்துக்கு 600, 650 மில்லிமீட்டர் மழை பெய்தால் பெரிது என்கிற பூமி இது. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். மழை பெய்த இரண்டு மூன்று மாதம் புல் இருக்கும். தை முடிந்தால் புல் காய்ந்து சருகாகும். பங்குனி, சித்திரையில் அதுவும் இருக்காது.

வெள்வேலுக்கு அறிவியல்காரர்கள் வைத்த பெயர் அகேசியா லியூக்கோஃப்லோயியா. லியூக்கோ என்றால் வெண்மை, ஃப்லோயியா என்றால் பட்டை. கோரமண்டல் கரைச் செடிகொடிகளை எல்லாம் எழுதிவைத்த ராக்ஸ்பர்க் வைத்த பெயர் அது. நம் முன்னோர் எதைப் பார்த்து வெள்வேல் என்றார்களோ, அவரும் அதே வெள்ளைப் பட்டையைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார். அந்தப் பட்டைக்கு இன்னொரு புகழும் உண்டு. பட்டைச் சாராயம் காய்ச்சத் தேடியது அதைத்தான். அந்த வரலாற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

இந்தக் கொறங்காட்டில் வளர்ந்ததுதான் காங்கயம் மாடு. சென்னை மாகாணக் கால்நடைகளைப் பற்றி 1909இல் கன் என்ற அதிகாரியும், 1936இல் லிட்டில்வுட் என்ற அதிகாரியும் நூல் எழுதினார்கள். காங்கயம் மாட்டுக்கு அந்த வரிசையில் நல்ல இடம் உண்டு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைப் பொறுக்கி எடுத்து வளர்த்ததை இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. கவலை ஓட்டவும், பாரவண்டி இழுக்கவும், ஏர் உழவும் இந்த எருதுகளுக்கு அவ்வளவு கிராக்கி. கண்ணபுரம் சந்தைக்கும் அந்தியூர்ச் சந்தைக்கும் எங்கள் அப்பாரு எருது ஓட்டிக்கொண்டு போன கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

யோசித்துப் பாருங்கள். கோடையில் புல் இல்லை. அப்படியிருந்தும் அந்த எருதுகள் கோடையில் எலும்பும் தோலுமாகப் போகாமல் சித்திரைச் சந்தையில் நிமிர்ந்து நின்றன. எதைத் தின்று நின்றன?

ஒரு சின்னக் கணக்கு

மாட்டுக்கு வயிறு நான்கு அறை. முதல் அறையான பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மாடு தின்கிற வைக்கோலையும் தட்டையும் உண்மையில் செரிப்பது அந்த நுண்ணுயிர்கள்தான். அவற்றுக்கும் சோறு வேண்டுமல்லவா? அவற்றின் சோறு தீவனத்தில் இருக்கும் புரதச்சத்து. மாடு தின்கிற காய்ந்த தீவனத்தில் சுமார் 7 சதவீதமாவது புரதம் இருந்தால்தான் அவை சரியாக வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் தட்டு வயிற்றிலேயே தேங்கும். தேங்கினால் மாடு மேற்கொண்டு தின்னாது. முன்னால் போர் போராகத் தட்டு கிடந்தாலும் மாடு இளைக்கும். "தீனி இருக்குதுங்க, ஆனா மாடு எடுக்க மாட்டேங்குது" என்று கோடையில் எத்தனை பேர் என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா?

நெல் வைக்கோலிலும் சோளத்தட்டிலும் புரதம் 3, 4 சதவீதம்தான். அதாவது வேண்டியதில் பாதி. வெள்வேலங்காயில் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எருது நாளைக்கு 8 கிலோ காய்ந்த தீவனம் தின்கிறது. எட்டுக் கிலோவும் சோளத்தட்டு என்றால் கிடைக்கிற புரதம் 320 கிராம், 4 சதவீதம். அதில் 3 கிலோவைக் குறைத்துவிட்டு 3 கிலோ வெள்வேலங்காய் கொடுத்தால், தட்டில் 200 கிராம், காயில் 360 கிராம், ஆக மொத்தம் 560 கிராம். எட்டுக் கிலோவுக்கு சரியாக 7 சதவீதம்!

மரத்தில் இருக்கும் துவர்ப்புச்சத்து கொஞ்சம் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கணக்கு இவ்வளவு நேராக இருக்காது. ஆனாலும் விஷயம் புரிகிறது. காய் தனியாக மாட்டை வளர்ப்பதில்லை. வீணாகப் போகவிருந்த ஐந்து கிலோ தட்டை அது தீவனமாக்குகிறது. கோடையில் அந்தக் காய் உதிர்கிறபோது மேலே விழுகிற ஒவ்வொரு காயும் கீழே கிடக்கிற சருகுக்கு உயிர் கொடுக்கிறது.

இது பயறு, அவரை, துவரைக் குடும்பத்து மரம். வேரில் இருக்கும் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. அதனால்தான் உரம் காணாத சுண்ணாம்புக்கல் பூமியிலும் இலையிலும் காயிலும் புரதம் சேர்கிறது. வேர் ஆழமாகப் போவதால் மேல்மண் காய்ந்த பிறகும் மரம் காய்க்கிறது. எங்கள் அப்பாருவுக்குப் புரதமும் தெரியாது, பாக்டீரியாவும் தெரியாது. ஆனால் பங்குனி வந்தால் தொரட்டியை எடுத்துக்கொண்டு கொறங்காட்டுக்குப் போவார். உலுக்கிய காயைக் கூட்டிச் சாக்கில் கட்டி அட்டாலியில் போடுவார். சினை மாட்டுக்கும் கிடாய்க்கும் அதிலிருந்துதான் அள்ளிப் போடுவார்.

தாது வருஷமும் சீமையிலிருந்து வந்த மரமும்

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பஞ்சம். மனிதர்களே லட்சக்கணக்கில் செத்தபோது ஆடு மாடுகளை யார் எண்ணினார்கள்?

அந்த 1876ஆம் வருஷத்தில்தான் வனத்துறை அதிகாரி கர்னல் பெட்டோம் அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். வறண்ட பூமியில் வளர்க்க அமெரிக்கக் கண்டத்துப் பிராசோபிஸ் மர விதைகளை வரவழைத்துத் தரவேண்டும் என்று கேட்டார். விதை வந்தது. கடப்பை மாவட்டம் கமலாபுரத்தில் அந்தப் பத்தாண்டின் கடைசியில் நட்டார்கள். அதுதான் சீமைக்கருவேல். வேலிக்காத்தான் என்றும் சொல்கிறோம். பலர் இது சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது என்று நினைக்கிறார்கள். பரவலாக விதை தூவியது பிறகு நடந்திருக்கலாம், மரம் வந்தது வெள்ளைக்காரன் காலத்தில்.

முக்கியமாக விறகுக்காக வந்த மரம். ஆனால் அதன் காயைக் கடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இனிக்கும். சர்க்கரைச்சத்து ஏராளம். புரதமும் வெள்வேலங்காய் அளவுக்கு, அதாவது 12 சதவீதம் போல இருக்கிறது. உள்ளே இருக்கும் விதையில் 30 சதவீதத்துக்கு மேலேயே உண்டு. கணக்குப்படி பார்த்தால் நம் மரத்தைவிட ஒரு படி மேல்.

இங்கேதான் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. அந்த விதை கல்லைப் போல இருக்கும். ஆடு மாடு மெல்லாமல் விழுங்கிவிடும். வயிற்றில் செரிக்காமல் அப்படியே சாணியோடும் புழுக்கையோடும் வெளியே வரும். 30 சதவீதம் புரதம் ஆட்டுக்கு எட்டாது. ஆனால் எருவோடு சேர்ந்து விழுந்த விதை அருமையாக முளைக்கும். நம் ஊரில் வயலில் ஆட்டுக்கிடை போடுவது வழக்கம். கிடை போட்ட இடமெல்லாம் வேலிக்காத்தான் முளைத்த கதை இதுதான். காயைத் தின்ன ஆடே மரத்தைப் பரப்பியது.

இன்னொன்றும் உண்டு. வடகிழக்குப் பிரேசிலில் இந்தக் காயை மாட்டுக்கு மாதக்கணக்கில் பாதித் தீவனத்துக்கு மேலே போட்டார்கள். மாட்டுக்கு முகம் கோணிப்போனது. தாடை தொங்கி, மெல்ல முடியாமல், அசைபோட முடியாமல் இளைத்தது. காயில் இருக்கும் ஒரு நச்சுச்சத்து தாடையை அசைக்கும் நரம்பு தொடங்கும் மூளைப் பகுதியைக் கெடுக்கிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அளவாக, அதாவது காயை அரைத்து மற்றத் தீவனத்தோடு ஐந்தில் ஒரு பங்குக்குள் கலந்தால் நல்ல தீவனம்தான். அரைத்தால் விதையும் செரிக்கும், முளைக்கவும் முளைக்காது. ஆனால் பஞ்சகாலத்தில் யார் அரைத்துக் கலந்து கொடுக்கப்போகிறார்கள்? வேறொன்றும் இல்லாதபோதுதானே மாடு அதை மட்டும் தின்னும்.

சூபாபுல் காலம்

இனி என் கதைக்கு வருகிறேன்.

1971இல் நான் கால்நடை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தேன். அதற்குள் கவலை ஓட்டுவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. பைக்காராவில் 1932இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கியதிலிருந்து கோயம்புத்தூர் மாவட்டக் கிணறுகளில் ஒவ்வொன்றாக மோட்டார் உட்கார்ந்துகொண்டே வந்தது. எருதுக்கு வேலை குறைந்தது. பால் கொடுக்கும் கலப்பினப் பசுவுக்கு மதிப்பு வந்தது. கலப்பினப் பசுவுக்குக் கொறங்காடு போதாது, அதற்குச் சத்தான பசுந்தீவனம் வேண்டும். என்ன செய்வது என்று எல்லாரும் தேடிக்கொண்டிருந்தபோது வந்தது சூபாபுல்.

மெக்சிகோ பக்கத்து மரம் இது. 1977இல் அமெரிக்க அறிவியல் அகாதமி இதைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டது. ஹவாய் தீவில் வேகமாக வளரும் வகைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மகாராஷ்டிரத்தில் உருளிகாஞ்சனில் காந்தியின் சீடர் மணிபாய் தேசாய் தொடங்கிய பைஃப் நிறுவனம் அந்த வகைகளை நம் நாட்டில் பரப்பியது. இலையில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல்! குதிரை மசாலுக்குச் சமம். வெட்ட வெட்டத் துளிர்க்கும். முள் கிடையாது. கூட்டத்தில் நான் இதைச் சொன்னால் கைதட்டுவார்கள்.

"இந்த வெள்வேலை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? முள்ளுதான் மிச்சம். வெட்டிட்டு சூபாபுல் வையுங்க" என்று நானே சொன்னேன். கேட்டுச் செய்தவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒருவர் என் சொந்தத் தாய்மாமன்.

1980களின் நடுவில் பழனியில் இருந்தேன். அப்போது பழனியில் ரயில் நிலையத்திலிருந்து அடிவாரத்துக்குக் குதிரை வண்டிகள்தான். ஒரு வண்டிக்காரர் என்னிடம் வருவார். நல்ல மனிதர். கொள்ளு விலை ஏறிவிட்டது, குதிரைக்குப் போட முடியவில்லை என்று வருத்தப்பட்டார். அலுவலகத்துக்குப் பின்னால் மாதிரிக்காக வைத்த சூபாபுல் புதராக வளர்ந்து கிடந்தது. "தினமும் வந்து ஒரு கட்டு அறுத்துக்கிட்டுப் போங்க. கொள்ளுக்கு மேல சத்து" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இரண்டு மாதம் இருக்கும். ஒருநாள் காலையில் வண்டி இல்லாமல் குதிரையை மட்டும் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாலில் மயிர் இல்லை, வெறும் குச்சி. பிடரியும் அப்படியே. கையை வைத்தால் கொத்தாகக் கையோடு வந்தது.

"டாக்டர் சார், நீங்க சொன்னதுக்காகத்தானே போட்டேன். வாலு இல்லாத குதிரையில எந்த மவராசன் ஏறுவான்?" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

எங்களுக்குக் கொடுத்திருந்த துண்டுப் பிரசுரத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். குதிரையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. ஆனால் அது எனக்குச் சாக்கு ஆகாது. தெரியாத தீவனத்தைத் தெரியாத வயிற்றுக்கு, அளவு சொல்லாமல் கொடுக்கச் சொன்னது நான். மூத்த மருத்துவர் ஒருவரிடம் ஓடினேன். அவர் சிரித்துவிட்டு, "மைமோசின் ஐயா! குதிரைக்கு இதைக் கொடுக்கக் கூடாது என்று மேற்கிந்தியத் தீவுக்காரனுக்கு எப்பவோ தெரியும். நிறுத்துங்கள், முளைத்துவிடும்" என்றார். நிறுத்தினோம். முளைத்தது. ஆனால் வால் பழையபடி வர மாதக்கணக்கு ஆனது. அந்த மாதங்களுக்குக் கொள்ளு வாங்கிக் கொடுத்தேன். அவர் இழந்த சவாரிக் கூலிக்கு அது ஈடாகாது.

ஹவாய் ஆட்டின் வயிற்றில் இருந்த பதில்

அதே காலத்தில் உலகத்தின் வேறு மூலையில் இதே புதிரை ஒருவர் அவிழ்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

சூபாபுல் இலையில் மைமோசின் என்ற சத்து இருக்கிறது. மயிர் முளைக்கும் இடத்தில் செல்கள் பெருகுவதை அது தடுத்துவிடும். அதனால்தான் மயிர் கொட்டுகிறது. அசைபோடும் பிராணிகளின் பெருவயிற்றில் மைமோசின் வேறொரு பொருளாக மாறும். அந்தப் பொருள் தைராய்டைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் சூபாபுல் தின்ற மாடுகளுக்குக் கழுத்துக் கழலை வந்து எடை குறைந்தது. ஆனால் ஹவாயில் ஆடுகள் அதையே தின்று நன்றாக இருந்தன. மரம் அதே மரம். இது எப்படி?

ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி, வித்தியாசம் மரத்தில் இல்லை, வயிற்றில் இருக்கிறது என்று யூகித்தார். 1980களின் தொடக்கத்தில் ஹவாய் ஆட்டின் பெருவயிற்று நீரிலிருந்த நுண்ணுயிர்களை ஆஸ்திரேலிய ஆடு மாடுகளின் வயிற்றில் சேர்த்தார்கள். அதன்பிறகு அவையும் சூபாபுல் தின்று கெடுதலில்லாமல் வளர்ந்தன. அந்த நச்சைச் சிதைக்கும் ஒரு பாக்டீரியா ஹவாய் ஆடுகளிடம் இருந்தது. இந்தோனேசிய ஆடுகளிடமும் அந்தத் திறமை இருந்தது. அந்த மரத்தோடு நெடுநாள் பழகியதால் வந்தது. 1992இல் அந்தப் பாக்டீரியாவுக்குப் பெயர் வைத்தபோது ஜோன்ஸ் பெயரையே சேர்த்து சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று வைத்தார்கள். குதிரைக்குப் பெருவயிறே கிடையாது. அதனால் அதற்கு அந்தத் துணை கிடைக்க வழியில்லை.

இதைப் படித்த அன்று எனக்குப் பழனிக் குதிரை ஞாபகம் வந்தது. கூடவே எங்கள் அப்பாருவும் ஞாபகம் வந்தார்.

ஏனென்றால் வெள்வேலும் குற்றமற்ற மரமல்ல. அதன் பச்சை இலையிலும் இளங்காயிலும் சயனைடு நச்சு உண்டு. பசியோடு இருக்கும் ஆடு வயிறு நிறைய மேய்ந்தால் மூச்சுத் திணறி விழுந்துவிடும். ஊசி போட்டுக் காப்பாற்றிய ஆடுகளும் உண்டு, நான் போய்ச் சேர்வதற்குள் செத்த ஆடுகளும் உண்டு. ஆனால் எங்கள் அப்பாரு காலத்தில் அப்படி ஒரு ஆடு செத்ததாக நான் கேட்டதில்லை. காலையில் வெறும் வயிற்றோடு ஆட்டை வெள்வேலுக்கு அடியில் விடமாட்டார். முதலில் தட்டோ, சருகோ கொஞ்சம் தின்னட்டும் என்பார். தழையைத் தொரட்டியில் இழுத்தால் அறுத்து வாடப்போடுவார். முற்றி உதிர்ந்த காயைத்தான் அள்ளுவார். ஏன் என்று கேட்டால், "எங்க அய்யன் அப்படித்தான் செஞ்சாரு" என்பதுதான் பதில். அந்தப் பதிலை நான் படித்த திமிரில் சிரித்திருக்கிறேன்.

அகத்தியையும் பாருங்கள். அமாவாசைக்குப் பசுவுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரை கொடுப்பது நம் வழக்கம். புரதம் சூபாபுல் அளவுக்கு இருக்கும். ஆனால் அதைத் தினமும் மூட்டை மூட்டையாகப் போட யாரும் சொல்லவில்லை. வெற்றிலைக் கொடிக்காலில் தண்ணீர் இருந்த இடத்தில் வளர்ந்தது, கட்டு அளவுக்குக் கொடுத்தார்கள். அளவும் வழக்கமும் சேர்ந்தே வந்தன.

சூபாபுல்லுக்கு அந்த வழக்கம் உருவாகவே நேரம் கொடுக்கவில்லை. 1988 வாக்கில் சில்லிட் என்ற சின்னப் பூச்சி வந்து நாடு முழுக்கத் துளிரை எல்லாம் உறிஞ்சிவிட்டது. என் தாய்மாமன் தோட்டத்தில் மரம் மொட்டையாக நின்றது. வெள்வேலும் இல்லை, சூபாபுல்லும் இல்லை. அந்தக் கோடையில் அவர் இரண்டு பசுவை விற்றார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு பூச்சி குறைந்தது, மரம் பிழைத்தது, இன்றைக்கும் சூபாபுல் நல்ல தீவன மரம்தான். மாட்டுக்கு மூன்றில் ஒரு பங்குக்குள், புல்லோடும் தட்டோடும் கலந்து கொடுக்கச் சொல்லித்தான் நான் ஓய்வு பெறுகிறவரை சொன்னேன். வெள்வேலை வெட்டச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

தம்பி மகனுக்கு

மூன்று மரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புரத சதவீதத்தில் வெள்வேல்தான் பின்னால் நிற்கும். 35 வருஷம் நான் பார்த்தது அந்த எண்ணை மட்டும்தான். எந்த மாதத்தில் கிடைக்கிறது, எந்த வயிற்றுக்குப் போகிறது, எவ்வளவு கொடுக்கலாம் என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா என்ற மூன்று கேள்வியை நான் கேட்கவில்லை. மழைக்காலத்தில் 25 சதவீதம் புரதம் இருப்பதைவிட சித்திரையில் 12 சதவீதம் இருப்பது எருதுக்குப் பெரிது. தண்ணீர் கேட்காமல், விதை கேட்காமல், மின்சாரம் கேட்காமல் அந்த 12 சதவீதத்தைக் கொடுக்கிற மரம் நம்மிடம் நிற்கிறது. அதைக் கையாளும் முறையும் நேற்றுவரை வீட்டுக்கு வீடு இருந்தது. மரத்தை வெட்டினால் மறுபடி நட்டுக்கொள்ளலாம், பத்து இருபது வருஷத்தில் வளர்ந்துவிடும். காயை எப்போது அள்ளுவது, தழையை எப்போது தொடக்கூடாது என்று தெரிந்த கடைசி ஆள் போய்விட்டால் அதை எங்கே போய்க் கேட்பது?

எங்கள் ஊர் முதலில் கோயம்புத்தூர் மாவட்டம். 1979இல் பெரியார் மாவட்டம் ஆனது, பிறகு ஈரோடு என்று பெயர் மாறியது. 2009இல் திருப்பூர் மாவட்டத்துக்குப் போனது. இத்தனை மாற்றத்திலும் அந்த எட்டு ஏக்கர் அப்படியே இருந்தது. இனியும் அப்படியே இருக்கவேண்டும் என்று நான் கட்டாயப்படுத்த முடியாது. குத்தகைப் பணம் பெரிது. அவனுக்கு இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். காங்கயம் மாடு ஒன்றும் ஆடு இருபதும்தான் இப்போது வீட்டில். கணக்குப் போட்டால் அவன் பக்கம்தான் நியாயம் கூடுதலாகத் தெரியும்.

இதையெல்லாம் அன்றைக்குச் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து அவனிடம் சொன்னேன். குதிரைக் கதையைக் கேட்டுச் சிரித்தான். தாய்மாமன் பசு விற்ற கதைக்குச் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மேல்புறம் மரமில்லாத மூணு ஏக்கர் இருக்குதுங்க பெரியப்பா. அதை மட்டும் எடுத்துக்கறாங்களான்னு கேட்டுப் பாக்கறேன்" என்றான்.

அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. நடுவில் ஒருநாள் போன் செய்தான். காய் உதிர ஆரம்பித்துவிட்டதாம். அட்டாலியில் பழைய சாக்கு இரண்டு கிடந்ததாம், அதில் கூட்டி வைத்திருக்கிறானாம்.

"வெறும் வயித்துல ஆட்டை விட்டுடாதே" என்றேன்.

"தெரியுமுங்க பெரியப்பா, அன்னைக்கே சொன்னீங்களே" என்றான்.